அறுபதில் விழுந்த கோடு

2024 மே மாதம் பத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்த பிறகு ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சந்தியாப்பிள்ளை கிறிஸ்தோபராகிய நான். என் மகள் கிறிஸ்டின். மகன் றொமேஷ். அவன் மனைவி நதீஷா. கிறிஸ்டினின் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த கலாநிதி நிப்றாஸ். பங்குச் சுவாமியும் வந்திருந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அவர் வரவில்லை. கிறிஸ்டினுக்கு முன்னர் பேசியிருந்த மெல்ரோயின் தாய் றெஜினா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள் என்றும் சொல்கிறார்கள். அவள் எங்கள் வாசலில் கடைசியாக நின்றது அதற்கு நாலு வருஷத்துக்கு முன்னர். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது.

முதலில் கிறிஸ்டினின் படிப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் உடம்பில் உள்ள கலம், அதாவது செல், ஒவ்வொன்றும் பிரிவதா, இருந்தபடி இருப்பதா என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிரிவதற்குத் தேவையான மரபணுக்களை வேலைக்கு எழுப்பிவிடுவது ஒரு புரதம். அதன் பெயர் ஈ2எஃப்1. அது அளவுக்கு மீறினால் கலம் பிரிவதை நிறுத்தாது. புற்றுநோய் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. இதை அவள் எனக்கு மூன்று தடவை விளங்கப்படுத்தினாள். மூன்றாம் தடவை நான் கேட்ட கேள்விக்கு, "அப்பா, இதை என்ர வகுப்பில ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். நான் அதை மறக்கவில்லை.

வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களின் வாயில் வெள்ளைத் திட்டுகள் விழும். எல்லாத் திட்டும் புற்றுநோய் ஆகாது. எது ஆகும் என்பதை இந்தப் புரதத்தின் அளவைக் கொண்டு முன்கூட்டிச் சொல்லலாமா என்பதே அவளுடைய ஆய்வு. குச்சவெளிப் பக்கத்துக் கடற்தொழிலாளர்கள் நாற்பத்திரண்டு பேர் வாய்த்தசையில் ஒரு துணுக்கு வெட்டியெடுக்கச் சம்மதித்தார்கள். அவர்களில், எல்லாரும் காக்கா என்று முறை சொல்லிக் கூப்பிடும் ஆதம்பாவா என்பவர் மற்றவர்களைப் பேசிக் கூட்டிவந்தவர். ஊசி என்றால் ஓடுகிற ஆட்களையும் பகிடி சொல்லி இருத்திவிடுவாராம்.

புரதத்தைக் கண்ணால் காண முடியாது. அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரி என்ற மருந்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும். சுண்டுவிரல் நுனியளவு குழாயின் அடியில் நாலைந்து துளி, அவ்வளவுதான். தசையிலிருந்து எடுத்த புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு எடைவாரியாகப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றி, அந்தத் துளியைக் கரைத்து மேலே ஊற்றுவார்கள். தன்னுடைய புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் அது ஒட்டும். படம் எடுத்தால் அந்த இடத்தில் கறுத்தக் கோடு தெரியும். ஊற்றிய மருந்தை எங்கள் நாட்டில் எறிவதில்லை. திரும்ப வடித்தெடுத்து, எத்தனையாம் தடவை என்று குழாயில் கீறி வைத்து, பிறகும் பாவிப்பார்கள். பதினான்கு கீறல் விழுந்த குழாய் ஒன்றைக் கிறிஸ்டின் எனக்குப் படத்தில் காட்டியிருக்கிறாள்.

ஈ2எஃப்1 இன் கோடு எடைக் கணக்கில் ஏறக்குறைய அறுபதில் விழ வேண்டும். அவளுக்கு அறுபதில்தான் விழுந்தது. கெட்ட திட்டுகளில் கறுப்பாகவும் நல்ல திட்டுகளில் மெல்லியதாகவும் விழுந்தது.

ஆனால் அறுபதில் விழுவதால் மட்டும் அது அந்தப் புரதம் என்று ஆகிவிடாது. அந்தப் புரதத்தை ஆக்கும் மரபணுவையே வெட்டி நீக்கிய கலங்கள் இருக்கின்றன. அவற்றின் சாற்றையும் பக்கத்தில் ஓடவிட வேண்டும். அதில் கோடு விழக்கூடாது. விழுந்தால், மருந்து வேறெதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாற்றை எடுப்பிக்கக் காசு கேட்டு கிறிஸ்டினின் பிரிவு பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தடவை எழுதிப்போட்டது. இரண்டு தடவையும் விண்ணப்பம் திரும்பி வந்தது. விற்ற கொம்பனி தன் தாளில் அச்சடித்திருந்த படத்தை நம்பி வேலையைத் தொடர்ந்தார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நிப்றாஸ் பிறகு சொன்னார்.

இனி மெல்ரோய். கிறிஸ்டினோடு ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பாடம் படித்தவன். எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த குடும்பம். 2018 இல் இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசினோம். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். மணமக்களின் பெயரையும் பெற்றாரின் பெயரையும் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கும்படி கேட்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முன் அவனுக்கு மெல்பேணில் புலமைப்பரிசில் கிடைத்தது. இப்போது தனியாகத்தான் போகலாம், கல்யாணத்தைப் பிறகு பார்ப்போம் என்று றெஜினா ஆள் விட்டுச் சொன்னாள். நேரில் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் வழக்கமான முன்வாங்கில் இருந்தேன். சுவாமி எங்களை விட்டுவிட்டு அடுத்த சோடியின் பெயரை வாசித்தார். கோவில் முழுவதும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. துறைமுகச் சுங்கத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து, ஒருவனும் என் முகத்துக்கு நேரே விரல் நீட்டாமல் வெளியே வந்தவன் நான். அன்று வீட்டுக்கு வந்து, அந்த வீட்டாரின் ஒரு கிளாஸ் தண்ணீரும் இனி இந்த வீட்டாருக்கு வேண்டாம் என்று சொன்னேன். பிள்ளைகள் இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

2020 தை மாதம் றெஜினா மகனைப் பார்த்துவிட்டு மெல்பேணால் திரும்பி வந்தாள். வந்த மறுநாள் காலை முச்சக்கர வண்டியில் எங்கள் வாசலில் இறங்கினாள். கையில் மீன் அடைக்கிற மாதிரியான வெள்ளை றெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்று, சுற்றிவர ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.

"அண்ணை, நான் உள்ளுக்கு வரேல்லை. இதைப் பிள்ளையிட்டைக் குடுங்கோ. மெல்ரோய் ஐஸ் போட்டுத் தந்தவன். உருக முந்தி வைக்கட்டாம்."

"உங்கட வீட்டுச் சாமான் எங்களுக்குத் தேவையில்லை."

"இது சாமான் இல்லை அண்ணை. அவளின்ர படிப்புக்கு. அவள் பாவிக்கிற மருந்தில அவனுக்கு ஏதோ சந்தேகமாம்."

"அவளின்ர படிப்புக்கு வேண்டியதை நாங்கள் பாப்பம்."

அவள் பெட்டியை இடுப்பில் ஏற்றினாள். பிறகு, "மீன் எண்டா வேண்டியிருப்பியள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு வண்டியில் ஏறினாள். சாரதி சிரித்தான். கேற்றை நான் பூட்டினேன்.

கிறிஸ்டின் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். மெல்ரோய் அவளுக்கு ஏற்கெனவே மின்னஞ்சல் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. அவன் அங்கே அதே புரதத்தில் வேலை செய்கிறான்; மரபணு நீக்கிய கலங்கள் அவர்களிடம் இருந்தன; அவற்றின் சாற்றைத்தான் அனுப்பியிருந்தான். தலையைத் துவட்டிக்கொண்டு குசினிக்குள் வந்து, "அப்பா, ஒரு பெட்டி வந்ததோ?" என்று கேட்டாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அவள் கதிரையில் இருந்தாள். தான் போய் எடுத்து வரட்டுமா, பத்து நிமிஷ ஓட்டம்தானே என்றாள். போனால் அங்கேயே இருந்துகொள் என்று சொன்னேன். அவள் துவாயை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். அதன் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி எங்கள் வீட்டில் கதை வரவில்லை. நான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவளுடைய கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. அதன் முதற்பக்கத்தைப் பிரேம் போட்டு முன்னறையில் தொங்கவிட்டேன். நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தோம்.

2023 கடைசியில் வேறொரு நாட்டு ஆய்வாளர்கள், அதே பிறபொருளெதிரியைச் சோதித்து, மரபணு இல்லாத கலங்களிலும் அது அறுபதில் கோடு போடுகிறது என்று எழுதினார்கள். கிறிஸ்டினின் ஆய்வேடு அப்போது பரீட்சகர்களிடம் போயிருந்தது. நிப்றாஸ் எங்கோ கேட்டு அந்தச் சாற்றில் கொஞ்சம் எடுப்பித்தார். சித்திரை மாதம் ஒரு பின்னேரம் கிறிஸ்டின் ஆய்வுகூடத்திலிருந்து என்னை அழைத்தாள்.

"அப்பா, கோடு நிக்குது."

எந்தக் கோடு என்று கேட்டேன்.

"இருக்கக் கூடாத கோடு."

ஏழு வருஷ வேலையில் அவள் அளந்தது ஈ2எஃப்1 அல்ல. அதே எடையுள்ள வேறொரு புரதம். அது எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த மே மாத ஞாயிறு நாங்கள் ஐவரும் இருந்தது இதற்காகத்தான். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கிறிஸ்டின் ஏற்கெனவே முடிவு எடுத்திருந்தாள். அதைத் திரும்பப் பெற்றால் ஆய்வேடும் போகும். பதிவுக்காலம் முடிகிறபடியால் புதிதாகத் தொடங்க இடமில்லை. கலாநிதிப் பட்டம் இல்லை. முப்பத்துநாலு வயதில் கையில் ஒன்றும் இல்லை.

றொமேஷ் பட்டமளிப்பு முடியும்வரை பொறுக்கச் சொன்னான். பிழை மருந்து விற்றவனுடையது, உலகம் முழுக்க இருநூறு பேர் அதே மருந்தால் படம் எடுத்திருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் கடிதம் எழுதுகிறார்களா என்று கேட்டான். நதீஷா தேத்தண்ணியை வைத்துவிட்டு, இருநூறு பேரும் களவெடுத்தால் நாங்களும் எடுக்கலாம் என்கிறீர்களோ என்று அவனைக் கேட்டாள். அவன் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றான். அவள், எனக்குத் தெரியாததுதான் உங்களுக்கும் தெரியாது, வித்தியாசம் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றாள். நிப்றாஸ் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அன்று அந்த அறையில் வந்த சிரிப்பு அவ்வளவுதான்.

நான் கடிதம் எழுத வேண்டும் என்ற பக்கம் நின்றேன். எங்கள் பெயரில் பிழையான ஒரு தாள் உலகத்தில் கிடக்கக் கூடாது. இதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை. தடுமாற்றம் அடுத்த பேச்சில் வந்தது.

நிப்றாஸ் வரைந்து கொண்டுவந்த கடிதத்தை வாசித்தார். அதில் ஓர் இடத்தில், மரபணு நீக்கிய கலங்களின் சாறு அந்தக் காலத்தில் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று இருந்தது. பல்கலைக்கழகம் விண்ணப்பத்தைத் திருப்பியதற்குக் கடிதம் இருக்கிறது, ஆகவே அது பொய்யில்லை என்றார். அவர் நல்ல மனிதர். அவருக்கு அந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாது.

"அந்த வரியை வெட்டுங்கோ சேர்" என்று கிறிஸ்டின் சொன்னாள். "கிடைச்சது."

எங்கே கிடைத்தது என்று நிப்றாஸ் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல், ஒருவர் அனுப்பினார், வாசல் வரைக்கும் வந்தது என்றாள்.

நான் எழும்பி நின்றேன். அந்த வீட்டாரின் பெயர் எங்கள் கடிதத்தில் வரக்கூடாது என்றேன். ஓலை நின்றதை ஊர் இப்போதுதான் மறக்கத் தொடங்கியிருக்கிறது, அதை உலகத்துக்கு அச்சடித்துக் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டேன். இன்னும் கடுமையாகவும் கதைத்தேன். றொமேஷ் இடையில் புகுந்தான்.

"முப்பத்தொரு வருஷம் ஊரார்ர பெட்டியெல்லாம் திறந்து பாத்தனீங்கள் அப்பா. அந்த ஒண்டைத்தான் திறக்கேல்லை."

அவனை வாயை மூடச் சொன்னேன். மூடினான். கிறிஸ்டின் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"பேர் போடமாட்டன் அப்பா. ஆனா கிடைக்கேல்லை எண்டும் எழுதமாட்டன்."

"அப்ப என்னெண்டு எழுதப்போறாய்?"

"தர வந்தவை, நான் வேண்டாமெண்டு சொன்னனான் எண்டு."

நிப்றாஸ் பேனையைத் திறந்து, அந்த வரியை வெட்டி, அவள் சொன்னதை எழுதினார். உங்களுக்கு இது சரிதானே மகள் என்று ஒருமுறை கேட்டார். ஓம் என்றாள். நதீஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். கதிரையில் இருந்தேன். கையெழுத்து வைத்தார்கள். தேத்தண்ணி ஆறியிருந்தது.

ஆனி மாதம் சஞ்சிகை அந்தக் கடிதத்தை வெளியிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. கணினியில் அதைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு எழுத்து இருக்கிறது. பிரேமைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். ஆய்வேடும் திரும்பியது. வேறொரு மருந்தால் முதலிலிருந்து செய்யலாம் என்றால் அதற்குத் தசை இல்லை. நாற்பத்திரண்டு பேரின் துணுக்குகளும் கடைசித் துளிவரை பாவித்து முடிந்துவிட்டன.

அந்த நாற்பத்திரண்டு பேருக்கும் நேரில் சொல்ல வேண்டும் என்று கிறிஸ்டின் நின்றாள். கடிதம் போட்டால் போதும் என்று நிப்றாஸ் சொல்லியும் கேட்கவில்லை. அவளைத் தனியே விட எனக்கு மனமில்லை. குச்சவெளி பஸ்ஸில் நானும் போனேன். ஆதம்பாவா கரையில் குப்பை களைந்து வலை தெரிந்துகொண்டிருந்தார். எங்களுக்குக் கவிழ்த்த பிளாஸ்ரிக் கூடைகளைத் தந்து இருக்கச் சொன்னார். அவள் முழுவதையும் சொன்னாள். தான் அளந்தது வேறொன்று, அவருடைய திட்டைப் பற்றி முன்னர் சொன்ன நல்ல வார்த்தைக்கு இப்போது பெறுமதி இல்லை, கிளினிக்குக்கு மட்டும் தவறாமல் போக வேண்டும் என்றாள்.

அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"அப்ப என்ட வாய் என்ன மகள்?"

"தெரியாது காக்கா."

"ஆருக்குத் தெரியும்?"

"இப்பைக்கு ஒருத்தருக்கும் தெரியாது."

தான் பேசிக் கூட்டிவந்தவர்களுக்குத் தானே சொல்லிக்கொள்கிறேன், அவள் வீடு வீடாக அலைய வேண்டாம் என்றார். அவள் மறுத்துவிட்டாள். நாலு நாள் போனோம். அந்த நாற்பத்திரண்டு பேரில் மூன்று பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். ஒருவருடைய மனைவி கதவைத் திறந்து, யார் என்று கேட்டு, திரும்பச் சாத்தினாள்.

கிறிஸ்டின் இப்போது வீட்டில் இருக்கிறாள். இரண்டு இடத்தில் வேலைக்கு எழுதினாள். ஒன்றுக்குப் பதில் இல்லை. மற்றதில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, கடிதத்தின் அச்சுப்பிரதியை மேசையில் வைத்து, இலவசமாக வந்த உதவியை உதறிய ஆளை ஆய்வுகூடத்தில் எப்படி நம்புவது என்று கேட்டார்களாம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். சான்றிதழ்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். மெல்ரோய் அங்கேயே கல்யாணம் முடித்துவிட்டான். அவன் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் தவறாகச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் அந்தச் சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் அல்லாதவரின் விளக்கங்களை ஏற்பதில்லை என்று நாலு வரியில் பதில் வந்தது. கிறிஸ்டினையே எழுதித் திருத்தும்படி கேட்டேன். "விடுங்கோ அப்பா, அதால கோடு அழியுமோ?" என்று சொல்லிவிட்டு உடுப்புக் காயப்போடப் போனாள். அவளுக்கு என் மேல் கோபம் இருந்தால் நல்லது என்று சில நாள் நினைக்கிறேன். அதை அவள் காட்டவில்லை. சாப்பாடு நேரத்துக்குப் போடுகிறாள். பூசைக்குப் போகும்போது என் சட்டையை அழுத்தி வைக்கிறாள். முன்வாங்கில் என் பக்கத்தில் இருக்கிறாள்.

பூசை முடிந்து வெளியே நிற்கிறவர்கள் கதைப்பது எனக்குக் கேட்காது என்று நினைக்கிறார்கள். கேட்கிறது. படங்களை அவள் கணினியில் கீறினாள் என்கிறார்கள். கீறவில்லை, படங்கள் உண்மையானவை, கோடு உண்மையாக விழுந்தது. பல்கலைக்கழகம் அவளை விலக்கியது என்கிறார்கள். விலக்கவில்லை, அவளே எழுதிக் கொடுத்தாள். தன்னை விட்டுப்போனவன் அனுப்பியது என்ற வீம்பில் கிறிஸ்டின் அந்தப் பெட்டியைத் திருப்பியனுப்பித் தன் படிப்பைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்பதுதான் இப்போது எல்லாரும் சொல்வது. அனுப்பியவனின் பேர் இல்லாவிட்டாலும், வேண்டாமென்று சொன்னது தான்தான் என்று அவள் கையெழுத்து வைத்த கடிதத்திலும் இருக்கிறது.

அது பிழை. கிறிஸ்டின் அந்தப் பெட்டியைக் காணவே இல்லை. 2020 தை மாதம் பதினோராம் திகதி சனிக்கிழமை காலை அதைத் திருப்பி அனுப்பியவன் நான். அவளைக் கேட்கவும் இல்லை.